லினக்ஸில் நிரல் தானாக ஓட: பூட் ஆகும்போதா, லாகின் செய்த பிறகா?

நிலாக்கல்

வணக்கம். டெபியன் 12, கேடிஈ பிளாஸ்மா, லேப்டாப், வைஃபை. இரண்டு வேலைகள் தானாக நடக்க வேண்டும்.

ஒன்று, பைத்தானில் எழுதிய ஸ்கிரிப்ட். வெளி டிஸ்கில் இருக்கும் படங்களை ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கருவி) வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்பும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்து, புதிதாக ஏதாவது வந்தால் அனுப்ப வேண்டும். யாரும் லாகின் செய்யாவிட்டாலும் அது நடக்க வேண்டும். மற்றொன்று கிளிப்போர்டு நிரல், பேனல் ஓரத்தில் ஐகானாக உட்காரும் ரகம்.

இரண்டையும் கிரான்டாபில் (கிரான் தானாக ஓட்டும் வேலைகளின் பட்டியல்), பூட் ஆகும்போது ஓடும் @ரீபூட் வரிகளாகப் போட்டேன். ரீஸ்டார்ட் செய்தால் இரண்டையும் காணோம். டெர்மினலில் கையால் ஓட்டினால் நன்றாகவே ஓடுகின்றன. தேடிப் பார்த்தால் ஆர்சி.லோக்கல், பாஷ்ஆர்சி, புரொஃபைல், சிஸ்டம்டி, ஆட்டோஸ்டார்ட் என்று ஆளுக்கு ஓர் இடம் சொல்கிறார்கள். எதில் போடுவது?

தறிநூல்

ஆர்சி.லோக்கல் போதும் நண்பரே. /ஈடிசி/ஆர்சி.லோக்கல் என்று ஒரு கோப்பு உருவாக்கி, முதல் வரியில் ஷெல்லின் பாதையைக் கொடுத்து, கீழே உங்கள் கட்டளையை எழுதுங்கள். கோப்புக்கு இயக்க அனுமதி கொடுக்க மறக்காதீர்கள். இன்றைய டெபியனில் அந்தக் கோப்பு முன்கூட்டியே இருக்காது. ஆனால் நீங்கள் உருவாக்கி அனுமதியும் கொடுத்துவிட்டால், சிஸ்டம்டி (பூட்டையும் சர்வீஸ்களையும் நிர்வகிக்கும் நிரல்) அதைக் கண்டுகொண்டு தானே ஓட்டும்.

அடிக்கல்

தறிநூல் சொன்ன வழி இன்றும் வேலை செய்யும். ஆனாலும் நிலாக்கலின் இரண்டு வேலைகளுக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆர்சி.லோக்கலில் போட்டது ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக ஓடும். படம் அனுப்பும் ஸ்கிரிப்டுக்கு ரூட் அதிகாரம் எதற்கு? நடுவில் செத்துப்போனால் எழுப்ப ஆள் கிடையாது. கட்டளையின் கடைசியில் & போடாமல் விட்டால், முடிவே இல்லாமல் ஓடும் ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே நிற்கும், அடுத்த வரிக்குப் போகாது.

இடத்தைத் தேடுவதற்கு முன் நேரத்தை முடிவு செய்யுங்கள். கணினி எழுந்திருப்பது ஒரு தருணம், நீங்கள் லாகின் செய்வது வேறொரு தருணம். முதலாவதில் திரை உங்களுடையது இல்லை, உங்கள் சூழல் மாறிகள் இல்லை, எஸ்எஸ்எச் ஏஜென்ட் (எஸ்எஸ்எச் சாவிகளைத் திறந்து வைத்திருக்கும் நிரல்) இல்லை, நெட்வொர்க் கூட இல்லாமல் இருக்கலாம். இரண்டாவதில் இவை எல்லாம் உண்டு, ஆனால் நீங்கள் லாகின் செய்தால்தான் உண்டு. "கையால் ஓட்டினால் ஓடுகிறது, தானாக ஓட மாட்டேன் என்கிறது" என்று வரும் கேள்விகளில் பெரும்பாலானவை, இரண்டாம் தருணத்தில் இருக்கும் ஒன்றை நம்பி எழுதியதை முதல் தருணத்தில் ஓடவிட்டதால் வருபவைதான்.

உங்கள் கிளிப்போர்டு நிரலைப் பாருங்கள். கிரான் அதைத் தொடங்கும்போது லாகின் திரையே வந்திருக்காது. எந்தத் திரையில் ஐகானைக் காட்டுவது என்று அதற்குத் தெரியாது. டிஸ்ப்ளே, வேலாண்ட்_டிஸ்ப்ளே ஆகிய மாறிகள் இரண்டுமே காலி. தொடங்கிய உடனே பிழை சொல்லி வெளியேறியிருக்கும். அதை ஆட்டோஸ்டார்ட்டில் போடுங்கள்: சிஸ்டம் செட்டிங்ஸ் திறந்து, ஸ்டார்ட்அப் அண்ட் ஷட்டவுன் பகுதியில் ஆட்டோஸ்டார்ட். அங்கே சேர்த்தால் ~/.கான்ஃபிக்/ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டரில் .டெஸ்க்டாப் என முடியும் ஒரு சின்னக் கோப்பு உருவாகும். க்னோம், எக்ஸ்எஃப்சிஈ எல்லாம் இதே ஃபோல்டரைத்தான் படிக்கின்றன. நாளைக்கு டெஸ்க்டாப்பை மாற்றினாலும் அந்தக் கோப்பு வேலை செய்யும்.

ஸ்கிரிப்டுக்கு சிஸ்டம்டி சர்வீஸ். /ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் ஃபோல்டரில் படம்அனுப்பி.சர்வீஸ் என்று ஒரு கோப்பு. அதில் இவ்வளவு போதும்:

[யூனிட்]
வான்ட்ஸ்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்
ஆஃப்டர்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்

[சர்வீஸ்]
யூசர்=உங்கள் பயனர் பெயர்
எக்ஸெக்ஸ்டார்ட்=ஸ்கிரிப்டின் முழுப் பாதை
ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்
ரீஸ்டார்ட்செக்=30

[இன்ஸ்டால்]
வான்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட்

இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன், கோப்பில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிறகு சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், அடுத்து சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ். எனேபிள் என்பது அடுத்த பூட்டிலிருந்து ஓடச் சொல்வது, ஸ்டார்ட் என்பது இப்போதே ஓட்டுவது. --நவ் போட்டால் இரண்டும் சேர்ந்து நடக்கும்.

மரப்பாலம்

கிரானை இப்படி ஓரங்கட்ட வேண்டாம். ரூட் அனுமதியே இல்லாத சர்வரிலும் @ரீபூட் வரி கைகொடுக்கும். சிஸ்டம்டி இல்லாத கணினியிலும் பெரும்பாலும் இருக்கும். நான் பல சர்வர்களில் இன்றும் அதைத்தான் வைத்திருக்கிறேன், ஒரு குறையும் இல்லை.

அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். டெபியன் கிரானில் பாத் மாறி /யுஎஸ்ஆர்/பின், /பின் இரண்டோடு முடிந்துவிடும். ~/.லோக்கல்/பின் ஃபோல்டரில் வைத்த நிரலைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் முழுப் பாதை கொடுங்கள். வரியின் கடைசியில் வெளியீட்டையும் பிழைகளையும் ஒரு லாக் கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் என்ன நடந்தது என்று தெரியவே தெரியாது.

அடிக்கல்

மரப்பாலம் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு முறை ஓடி முடிகிற வேலைக்கு, உதாரணமாக ஒரு டெம்ப் ஃபோல்டரைச் சுத்தம் செய்வதற்கு, @ரீபூட் தாராளமாகப் போதும். நிலாக்கலின் ஸ்கிரிப்ட் நாள் முழுக்க ஓட வேண்டியது. நெட்வொர்க் வந்ததா, டிஸ்க் மவுண்ட் ஆனதா என்று கிரான் பார்க்காது. இவருக்கு வேண்டியதே அந்தப் பார்வைதான்.

நிலாக்கல்

இரண்டு பேருக்கும் நன்றி. கிளிப்போர்டு ஆட்டோஸ்டார்ட்டில் போட்டதும் சரியாகிவிட்டது.

சர்வீஸ் தொடங்கவில்லை. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் காட்டுவது:

மெயின் பிஐடி ... கோட்=எக்ஸிட்டட், ஸ்டேட்டஸ்=203/எக்ஸெக்

ஸ்கிரிப்ட் கோப்பு அங்கேதான் இருக்கிறது. இயக்க அனுமதியும் கொடுத்திருக்கிறேன். பைத்தான்3 என்று முன்னால் போட்டு ஓட்டினால் ஓடுகிறது.

வெள்ளிமீன்

203 என்றால் சிஸ்டம்டியால் அந்தக் கோப்பை இயக்கவே முடியவில்லை என்று பொருள். உங்கள் பைத்தான் வரி ஒன்றுகூட இன்னும் ஓடவில்லை. அதனால் ஸ்கிரிப்டுக்கு உள்ளே பிழை தேட வேண்டாம்.

உங்கள் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. பைத்தான்3 என்று முன்னால் போடும்போது கெர்னல் ஸ்கிரிப்டின் முதல் வரியைப் பார்ப்பதே இல்லை. சிஸ்டம்டி நேரடியாகக் கோப்பை இயக்கும்போது அந்த #! வரியைத்தான் நம்பும். அந்த வரி இருக்கிறதா? இருந்தால், கோப்பை விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்தீர்களா? அப்படியானால் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரேஜ் ரிட்டர்ன் எழுத்து இருக்கும். கெர்னல் அதையும் சேர்த்து "பைத்தான்3 + அந்த எழுத்து" என்ற பெயரில் ஒரு நிரலைத் தேடும். கிடைக்காது. பைத்தான் அந்த எழுத்தைப் பொருட்படுத்தாது, அதனால்தான் கையால் ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. ஃபைல் என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். சிஆர்எல்எஃப் என்று சொன்னால் அதுதான் காரணம். டாஸ்2யுனிக்ஸ் போட்டால் போய்விடும்.

நிலாக்கல்

ஆமாம், சிஆர்எல்எஃப் என்றுதான் வந்தது. மாற்றிவிட்டேன், 203 போய்விட்டது.

வெள்ளிமீன்

நல்லது. இன்னும் உறுதியாக இருக்க வேண்டுமென்றால் எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் பைத்தானின் முழுப் பாதையைக் கொடுத்து, அதன் பின் ஸ்கிரிப்டின் முழுப் பாதையைக் கொடுங்கள். வெர்ச்சுவல் என்விரான்மென்ட் பயன்படுத்தினால் அதற்குள் இருக்கும் பைத்தானின் பாதையைக் கொடுத்தால் போதும், ஆக்டிவேட் செய்ய வேண்டியதில்லை. பைத்தானுக்கு -யூ விருப்பமும் கொடுங்கள். டெர்மினல் இல்லாத இடத்தில் பைத்தான் பிரின்ட் வரிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வெளியே விடும். ஜர்னலில் (சிஸ்டம்டியின் லாக்) ஒன்றும் வரவில்லையே, தொங்கிவிட்டதோ என்று வீணாகக் கவலைப்பட வைக்கும்.

இதே 203 ஃபெடோராவில் வந்தால் எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பையும் பாருங்கள். ஹோம் ஃபோல்டரில் இருக்கும் ஸ்கிரிப்டை சிஸ்டம் சர்வீஸ் இயக்குவதை அது தடுக்கும். /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் ஃபோல்டருக்கு நகலெடுத்து வைத்தால் பிரச்சினை தீரும். எஸ்ஈலினக்ஸையே அணைத்துவிடச் சொல்லும் பதில்களைப் பின்பற்றாதீர்கள்.

கதிரொளி

இடையில் என் கேள்வி. எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் ஒரு கட்டளையின் வெளியீட்டை | போட்டு இன்னொன்றுக்கு அனுப்பினேன். முதல் கட்டளை | குறியையும் அடுத்த கட்டளையின் பெயரையும் கோப்புப் பெயர் என்று நினைத்துத் திட்டுகிறது.

வெள்ளிமீன்

அந்த வரி ஷெல்லுக்குப் போவதில்லை, அதனால் |, >, && எதுவும் அங்கே வேலை செய்யாது. /பின்/எஸ்எச் -சி என்று போட்டு முழுக் கட்டளையையும் மேற்கோளுக்குள் கொடுங்கள். இரண்டு வரிக்கு மேல் போனால் தனி ஸ்கிரிப்டாக எழுதிவிடுவது மேல். .டெஸ்க்டாப் கோப்பின் எக்ஸெக் வரிக்கும் இதே விதிதான். அங்கே ~ என்று எழுதினால் ஹோம் ஃபோல்டராக விரியாது.

நிலாக்கல்

இப்போது சர்வீஸ் ஓடுகிறது. ஆனால் ரீஸ்டார்ட் செய்து, லாகின் செய்யாமல் விட்டுவிட்டால் படம் போகவில்லை. லாகின் செய்த கொஞ்ச நேரத்தில் போக ஆரம்பிக்கிறது. ஜர்னலில் பார்த்தால் அதுவரைக்கும் "நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்" என்றே வந்துகொண்டிருக்கிறது. வான்ட்ஸ், ஆஃப்டர் இரண்டு வரியும் இருக்கின்றன.

அடிக்கல்

வைஃபை என்று முதல் பதிவிலேயே சொன்னீர்கள். பிளாஸ்மாவில் வைஃபை கடவுச்சொல் கேவாலட்டில் (கேடிஈயின் கடவுச்சொல் பெட்டகம்) இருக்கும் வாய்ப்பு அதிகம். கேவாலட் நீங்கள் லாகின் செய்த பிறகுதான் திறக்கும். அதுவரை நெட்வொர்க்மேனேஜரிடம் கடவுச்சொல் கிடையாது, இணைப்பும் கிடையாது.

நெட்வொர்க் செட்டிங்ஸில் அந்த இணைப்பைத் திறந்து, எல்லாப் பயனர்களும் இணையலாம் என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். வைஃபை செக்யூரிட்டி பக்கத்தில் கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் ஐகானை அழுத்தி, எல்லாப் பயனர்களுக்கும் சேமி என்பதைத் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல் அப்போது குறியாக்கம் இல்லாமல் /ஈடிசி-க்குள் ரூட் மட்டும் படிக்கக்கூடிய ஒரு கோப்பில் இருக்கும். யாரும் லாகின் செய்யாமலே வைஃபை வர வேண்டுமென்றால் கடவுச்சொல் கணினியிடம் இருந்தாக வேண்டும்.

இன்னொன்று, ஆர்சிங்க் எஸ்எஸ்எச் வழியாகத்தானே போகிறது? உங்கள் சாவிக்கு பாஸ்ஃப்ரேஸ் இருந்தால் லாகினுக்கு முன் அதைக் கேட்டு நிற்கும், பதில் சொல்ல ஆள் இருக்காது. இந்த வேலைக்கு மட்டும் பாஸ்ஃப்ரேஸ் இல்லாத தனிச் சாவி ஒன்று உருவாக்குங்கள். எதிர்ப்பக்கக் கணினியின் ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்பில், அந்தச் சாவியால் ஆர்சிங்க் தவிர வேறெதுவும் செய்ய முடியாதபடி கட்டுப்படுத்திவிடுங்கள். ஹோம் ஃபோல்டரையே லாகினில்தான் திறக்கும்படி குறியாக்கியிருந்தால் சாவியையும் ஸ்கிரிப்டையும் அதற்கு வெளியே வைக்க வேண்டும்.

தறிநூல்

நெட்வொர்க்.டார்கெட், நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் என்று இரண்டு இருக்கிறதே, வித்தியாசம் என்ன? நான் எப்போதும் முதலாவதைத்தான் எழுதுவேன்.

அடிக்கல்

முதலாவது, நெட்வொர்க்கை நிர்வகிக்கும் மென்பொருள் எழுந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறது. ஐபி முகவரி கிடைத்ததா என்பது அதற்குத் தெரியாது. உண்மையில் அதன் பெரிய பயன் ஷட்டவுனில்தான்: ஆஃப்டர் என்று எழுதிய சர்வீஸ், நெட்வொர்க் போவதற்கு முன்பே நிறுத்தப்படும். இரண்டாவதுதான் இணைப்பு வரும்வரை காத்திருக்கும்.

ஆஃப்டர் மட்டும் எழுதினால் போதும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. ஆஃப்டர் என்பது வரிசை மட்டுமே, அது யாரையும் எழுப்பாது. எழுப்புவது வான்ட்ஸ் அல்லது ரெக்வயர்ஸ். அதேபோல வான்ட்ஸ் மட்டும் எழுதினால் இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பிவிடும். இரண்டு வரியும் வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும், நெட்வொர்க்-ஆன்லைனை மட்டும் நம்பி எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. பூட் ஆகும்போது நெட்வொர்க் இருந்தது என்பதற்காக ஒரு மணி நேரம் கழித்தும் இருக்கும் என்று யார் சொன்னது? இணைப்பு போனால் தாங்கிக்கொண்டு, திரும்ப வந்ததும் வேலையைத் தொடரும்படி ஸ்கிரிப்டை எழுதுவதே உறுதியான வழி. அதற்கும் மேல் ரீஸ்டார்ட் வரி ஒரு காவல்.

அந்த 30-ஐ ஏன் எழுதச் சொன்னேன் என்றால், ரீஸ்டார்ட்செக் கொடுக்காவிட்டால் சிஸ்டம்டி 100 மில்லிசெகண்ட் மட்டும் விட்டு மறுபடி ஓட்டும். 10 செகண்டுக்குள் 5 முறைக்கு மேல் தொடங்கப் பார்த்தால் "போதும்" என்று கைவிட்டுவிடும். நெட்வொர்க் வர 15 செகண்ட் ஆகிறது என்று வையுங்கள், சர்வீஸ் அதற்கு முன்பே ஃபெயில்டு நிலைக்குப் போய்ப் படுத்துவிடும். 30 செகண்ட் இடைவெளி விட்டால் அந்த வரம்பைத் தொடவே தொடாது, விடாமல் முயன்றுகொண்டிருக்கும்.

வெளி டிஸ்கையும் மறக்க வேண்டாம். யூனிட் பகுதியில் ரெக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் என்று எழுதி மவுண்ட் ஆகும் பாதையைக் கொடுங்கள். டிஸ்க் /ஈடிசி/எஃப்எஸ்டாபில் (மவுண்ட் ஆக வேண்டிய டிஸ்குகளின் பட்டியல்) இருக்க வேண்டும். கோப்பு மேலாளரான டால்ஃபினில் கிளிக் செய்து மவுண்ட் செய்வதும் லாகினுக்குப் பிறகு நடக்கும் விஷயம்தான். ஆர்சிங்கில் டிலீட் விருப்பம் போட்டிருந்தால் இது உயிர் போகும் விஷயம்: டிஸ்க் மவுண்ட் ஆகாத காலி ஃபோல்டரை மூலம் என்று எடுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் இருக்கும் படங்களை எல்லாம் அழித்துவிடும். ஸ்கிரிப்டிலும் மவுண்ட்பாயின்ட் கட்டளையால் ஒரு முறை சோதித்துவிட்டே ஆர்சிங்கைத் தொடுங்கள்.

நிலாக்கல்

டிலீட் போட்டிருக்கிறேன். சோதனையை இப்போதே சேர்க்கிறேன். வைஃபை மாற்றத்தை இரவு செய்து பார்த்துச் சொல்கிறேன்.

மின்னல்கொடி

நான் ஸ்வே பயன்படுத்துகிறேன். ~/.கான்ஃபிக்/ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டரில் போட்டது எதுவும் தொடங்கவில்லை. ~/.எக்ஸ்புரொஃபைல் கோப்பிலும் எழுதிப் பார்த்தேன்.

வெள்ளிமீன்

ஸ்வே ஒரு விண்டோ மேனேஜர். முழு டெஸ்க்டாப்கள் செய்வதுபோல ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டரைத் தானாகப் படிக்காது. எக்ஸ்புரொஃபைல் எக்ஸ் என்ற பழைய திரை அமைப்பின் அமர்வுகளுக்கானது, ஸ்வே ஓடும் வேலாண்டில் அதை நம்ப முடியாது. ஸ்வேயின் கான்ஃபிக் கோப்பில் எக்ஸெக் என்று தொடங்கும் வரியாக எழுதுங்கள். எக்ஸெக்_ஆல்வேஸ் என்றும் ஒன்று உண்டு. அது கான்ஃபிக்கை ரீலோட் செய்யும் ஒவ்வொரு முறையும் ஓடும். வால்பேப்பர் போன்றவற்றுக்கு அது சரி. ஐகான் நிரல்களுக்குப் போட்டால் ரீலோட் செய்யச் செய்ய ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். ஐ3-யிலும் இந்த இரண்டு வரிகளும் உண்டு, ஆனால் அங்கே எக்ஸெக்_ஆல்வேஸ் ரீலோடில் ஓடாது, ஐ3-யை ரீஸ்டார்ட் செய்யும்போது ஓடும்.

கதிரொளி

நான் இவ்வளவு நாளும் எல்லாவற்றையும் பாஷ்ஆர்சியிலேயே போட்டு வருகிறேனே, அதில் என்ன குறை?

வெள்ளிமீன்

பாஷ்ஆர்சி லாகினுக்கான கோப்பு இல்லை, ஒவ்வொரு டெர்மினல் திறக்கும்போதும் படிக்கப்படுவது. ஐந்து டெர்மினல் திறந்தால் ஐந்து நகல் ஓடும். டெர்மினலே திறக்காத நாளில் எதுவும் ஓடாது. அது ஏதாவது அச்சிட்டால் எஸ்சிபி, ஆர்சிங்க் போன்றவை குழம்பி நின்றுவிடும், ஏனென்றால் எதிர்ப்பக்க ஷெல் அந்தக் கோப்பைப் படித்து அச்சிடுவதும் தரவோடு சேர்ந்து வந்துவிடும். ஏலியாஸ், பிராம்ப்ட், ஹிஸ்டரி அமைப்புகள் பாஷ்ஆர்சியில் இருக்கட்டும். சூழல் மாறிகள் புரொஃபைலில். நிரல்கள் இரண்டிலும் வேண்டாம்.

ஆற்றுமணல்

சர்வரில் ரூட் இல்லாமல் யூசர் சர்வீஸாக ஒன்று வைத்திருக்கிறேன். ~/.கான்ஃபிக்/சிஸ்டம்டி/யூசர் ஃபோல்டரில் கோப்பு, வான்டட்பை=டிஃபால்ட்.டார்கெட், சிஸ்டம்சிடிஎல் --யூசர் எனேபிள் எல்லாம் செய்தாயிற்று. எஸ்எஸ்எச்-இலிருந்து வெளியேறியதும் அதுவும் நின்றுவிடுகிறது.

அடிக்கல்

யூசர் சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டி, உங்கள் முதல் லாகினோடு பிறந்து கடைசி லாக்அவுட்டோடு முடிந்துவிடும். லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர் என்று ஒரு முறை கொடுங்கள். அதன் பிறகு பூட் ஆகும்போதே உங்கள் யூசர் சிஸ்டம்டி எழுந்துவிடும், நீங்கள் வெளியேறினாலும் நிற்காது. அனுமதி மறுத்தால் நிர்வாகியிடம் உங்கள் பயனர் பெயருக்குச் செய்துதரச் சொல்லுங்கள். லாக் பார்க்க ஜர்னல்சிடிஎல் --யூசர் -யூ, அதன் பின் சர்வீஸ் பெயர்.

யூசர் சர்வீஸ் கோப்பில் யூசர்= வரி எழுதக் கூடாது, அது ஏற்கெனவே உங்கள் பெயரில்தான் ஓடுகிறது. வான்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட் என்றும் எழுதாதீர்கள். அந்த டார்கெட் யூசர் பக்கத்தில் கிடையாது, எனேபிள் ஆனது போலக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

பனித்துளி

சிஸ்டம்டி இல்லாதவர்களுக்காக இரண்டு வரி. ஓபன்ஆர்சியில் /ஈடிசி/லோக்கல்.டி ஃபோல்டரில் .ஸ்டார்ட் என்று முடியும் ஸ்கிரிப்டைப் போட்டு இயக்க அனுமதி கொடுங்கள், லோக்கல் சர்வீஸ் டிஃபால்ட் ரன்லெவலில் இருக்க வேண்டும். வாய்டு லினக்ஸின் ரன்இட்டில் /ஈடிசி/எஸ்வி-க்குள் ஒரு ஃபோல்டர், அதில் ரன் என்ற ஸ்கிரிப்ட், அந்த ஃபோல்டருக்கு /வார்/சர்வீஸில் ஒரு சிம்லிங்க். நிரல் பின்னணிக்குப் போகக் கூடாது, முன்னணியிலேயே ஓட வேண்டும். பின்னணிக்குப் போனால் செத்துவிட்டது என்று நினைத்து ரன்இட் மறுபடி மறுபடி ஓட்டும்.

மரப்பாலம்

பேச்சு இவ்வளவு தூரம் வந்ததால் ஒரு வேண்டுகோள். நீங்கள் தானாக ஓட வைக்கும் இதே இடங்களில்தான் தீய நிரல்களும் வந்து உட்காரும். கணினியில் சந்தேகமாக ஏதாவது தென்பட்டால் பாருங்கள்: உங்கள் கிரான்டாபும் ரூட்டின் கிரான்டாபும், சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ், எனேபிள் ஆன யூனிட்களின் பட்டியல், ஹோமில் இருக்கும் ஆட்டோஸ்டார்ட், சிஸ்டம்டி யூசர் ஃபோல்டர்கள், பாஷ்ஆர்சி, புரொஃபைல் கோப்புகளின் கடைசி வரிகள். ரூட்டாக ஓடும் சர்வீஸின் ஸ்கிரிப்டைச் சாதாரணப் பயனர் எழுதக்கூடிய இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள். அந்தப் பயனராக நுழைந்த எவரும் அடுத்த பூட்டில் ரூட் ஆகிவிடுவார்.

நிலாக்கல்

வைஃபையை எல்லாப் பயனர்களுக்கும் மாற்றினேன். தனிச் சாவி, மவுண்ட்பாயின்ட் சோதனை, ரெக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் எல்லாம் சேர்த்தாயிற்று. ரீஸ்டார்ட் செய்து லாகின் திரையிலேயே விட்டுவிட்டு, இன்னொரு கணினியிலிருந்து பார்த்தேன். படங்கள் வந்துகொண்டிருந்தன. எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம் கொடுத்தால் நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன் முதலிடத்தில் நிற்கிறது. பூட் மெதுவாகிவிட்டதா?

அடிக்கல்

பிளேம் ஒவ்வொரு சர்வீஸும் எடுத்த நேரத்தை மட்டும் காட்டும். மற்றவை அதற்காகக் காத்திருந்தனவா என்று சொல்லாது. அதற்கு சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிகல்-செயின் கொடுங்கள். லாகின் திரை கிராஃபிக்கல்.டார்கெட்டின் கீழ் வருவது, அந்தச் சங்கிலியில் வெயிட்-ஆன்லைன் இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும், லாகின் திரை உங்கள் கண்ணுக்கு எப்போது வருகிறது என்பதை டிஸ்ப்ளே மேனேஜர் சர்வீஸின் நேரத்தை வைத்துக் கணியுங்கள், டார்கெட்டின் நேரத்தை வைத்து வேண்டாம். உங்கள் சர்வீஸ் தவிர வேறெதுவும் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கவில்லை என்றால், காத்திருப்பது உங்கள் படங்கள் மட்டும்தான். அப்படியே விட்டுவிடுங்கள்.